நீச்சல் குளம், ஜக்கூசி பழுது பார்க்க நம்பகமான டெக்னீஷியனைக் கண்டுபிடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஓ.எம்.ஆர். பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் அசோசியேஷன் பொறுப்பு எடுத்தவர்கள், ஈ.சி.ஆரில் குளத்தோடு வீடு வாங்கியவர்கள், பண்ணை வீட்டில் சின்னக் குளம் கட்டியவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். சென்னையை வைத்தே சொல்கிறேன். மற்ற ஊர்களில் கடைகளும் தண்ணீரும் கொஞ்சம் மாறும், வேலை செய்யும் வரிசை மாறாது.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுக்குவது அந்த வரிசையில்தான். தண்ணீர் பச்சையானதும் போனை எடுத்து முதலில் கிடைத்த நம்பரைக் கூப்பிடுகிறார்கள். வந்தவர் "மோட்டார் போச்சு சார்" என்கிறார். அது உண்மையா என்று சரிபார்க்க வீட்டுக்காரர் கையில் எதுவும் இருப்பதில்லை. அதனால் ஆளைத் தேடுவது இந்த வழிகாட்டியில் மூன்றாவது படியாகத்தான் வருகிறது.

1. உங்களுக்கு வேண்டியது எந்த ஆள்?

குளத்து வேலை என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் நான்கு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. தினமும் வந்து இலை அள்ளி, தரையை வேக்கம் செய்து, குளோரின் போடுபவர் ஒருவர். பம்ப், ஃபில்டர், வால்வு, பைப்லைன் பார்ப்பவர் இரண்டாமவர். டைல்ஸ், டைல்ஸ் இடுக்கை அடைக்கும் குரவுட், வாட்டர்ப்ரூஃபிங் பார்க்கும் சிவில் ஆள் மூன்றாமவர். பேனல் போர்டு, தண்ணீருக்குள் இருக்கும் விளக்கு, எர்த்திங் பார்க்கும் எலக்ட்ரீஷியன் நான்காமவர்.

சுத்தம் செய்பவரிடமே பம்ப் வேலையையும் கொடுப்பது அதிகம் நடக்கும் தவறு. அவர் தினமும் வருபவர், தெரிந்தவர், மறுக்கவும் மாட்டார். ஆனால் மோட்டாரைக் கழற்றிச் சீல் மாற்றுவது வேறு பயிற்சி. அவருடைய கண் உங்களுக்கு மிகவும் உதவும், ஏனென்றால் மாற்றத்தை முதலில் பார்ப்பது அவர்தான். பழுதை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், சரிசெய்ய வேறு ஆளைப் பிடியுங்கள்.

நான்கையும் நாங்களே செய்கிறோம் என்று சொல்லும் நிறுவனங்களும் உண்டு. தவறில்லை. ஆனால் உங்கள் வேலைக்கு அவர்களிடமிருந்து யார் வருவார், அவர் இந்த நான்கில் எதைச் செய்பவர் என்று பெயரோடு கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

2. கூப்பிடுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

இந்தப் படிக்கு ஒரு விடுமுறை நாளை ஒதுக்குங்கள். பின்னால் வரும் எல்லாமே இதை நம்பித்தான் நிற்கிறது.

குளத்தின் கொள்ளளவு: நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் அளந்து பெருக்குங்கள். 12 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.25 மீட்டர் என்றால் 75 கன மீட்டர், அதாவது 75,000 லிட்டர். வீட்டுக் குளத்துத் தண்ணீர் முழுதும் சுமார் 6 மணி நேரத்தில் ஒருமுறை ஃபில்டர் வழியாகப் போய் வர வேண்டும் என்று கணக்கு வைத்தால், மணிக்கு 12.5 கன மீட்டர் ஓட்டம் போதும். இது தெரிந்தால் தேவைக்கு மேல் பெரிய பம்பை யாரும் உங்கள் தலையில் கட்ட முடியாது. பம்ப் அளவுக்கு மீறிப் பெரிதானால் மின் கட்டணம் ஏறுவதோடு ஃபில்டரும் கெடும். தண்ணீர் மணலைத் துளைத்துக்கொண்டு வேகமாக ஓடிவிடும், அழுக்கு நிற்காது.

பெயர்ப் பலகைகள்: பம்ப், மோட்டார், ஃபில்டர், விளக்கு டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றின் மேலும் ஒட்டியிருக்கும் தகட்டைப் படம் எடுங்கள். மாடல் எண், எச்.பி., சிங்கிள் பேஸா த்ரீ பேஸா என்பது அதில் இருக்கும். வாங்கிய பில்லையும் தேடி எடுங்கள். வாரண்டி முடியாத பம்பை வெளியாள் பிரித்தால் வாரண்டி போய்விடலாம்.

பிரஷர் கேஜ்: பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு ஃபில்டர் மணலைக் கழுவுவது) முடித்த உடனே ஃபில்டர் மேலுள்ள கேஜ் என்ன காட்டுகிறது என்று குறித்து வையுங்கள். அதுதான் உங்கள் ஃபில்டரின் சுத்தமான அளவு. அதற்கு மேல் 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறினால் பேக்வாஷ் செய்ய வேண்டும். பல பம்ப் ரூம்களில் இந்த கேஜ் உடைந்து ஒரே இடத்தில் நிற்கும். அப்படியென்றால் முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள், செலவு குறைவு.

தண்ணீர்ப் பரிசோதனை: டிபிடி மாத்திரை போட்டுப் பார்க்கும் கிட் வாங்குங்கள். மஞ்சள் நிறம் காட்டும் பழைய வகைச் சொட்டு மருந்து மொத்தக் குளோரினை மட்டுமே காட்டும். கிருமியைக் கொல்லத் தயாராக இருக்கும் குளோரின் எவ்வளவு என்று தனியாகச் சொல்லாது. பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மை) 7.2 முதல் 7.8 வரை, குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை இருக்க வேண்டும். பச்சை என்றால் எந்தப் பச்சை என்றும் எழுதுங்கள். கலங்கிய, வழவழப்பான பச்சை என்றால் பாசி. தண்ணீர் தெளிவாக இருந்து நிறம் மட்டும் பச்சை என்றால் செம்பு கலந்திருக்க வாய்ப்பு உண்டு. போர் தண்ணீர் நிரப்பிக் குளோரின் போட்டதும் பழுப்பாக மாறினால் அது இரும்பு. மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

கசிவு என்று சந்தேகித்தால் பக்கெட் சோதனை செய்யாமல் யாரையும் கூப்பிடாதீர்கள். ஒரு பக்கெட்டில் குளத்துத் தண்ணீரை நிரப்பிக் குளத்தின் படியில் வையுங்கள். உள்ளே உள்ள மட்டத்தையும் வெளியே குளத்தின் மட்டத்தையும் பக்கெட் மீதே கோடு போட்டுக் குறியுங்கள். 24 மணி நேரம் யாரும் இறங்கக் கூடாது, மழை பெய்தால் மறுபடி செய்ய வேண்டும். இரண்டும் ஒரே அளவு குறைந்தால் அது வெயிலில் ஆவியானது. குளம் அதிகம் குறைந்தால் கசிவு. மேலே சொன்ன குளத்தில் 6 மில்லிமீட்டர் கூடுதலாகக் குறைந்தாலே 360 லிட்டர் போகிறது.

இதையே பம்ப் ஓடும்போது ஒருமுறை, நிறுத்தி வைத்து ஒருமுறை செய்யுங்கள். ஓடும்போது அதிகம் குறைந்தால், அழுத்தத்தில் தண்ணீர் திரும்பி வரும் ரிட்டர்ன் லைனைச் சந்தேகிக்கலாம். நிறுத்தியபோது அதிகம் குறைந்தால், பம்ப் தண்ணீரை உறிஞ்சும் சக்‌ஷன் பக்கம். இரண்டிலும் ஒரே அளவென்றால் சுவர், விளக்குப் பொருத்திய இடம், ஸ்கிம்மர் (மேலே மிதக்கும் இலை, தூசியை இழுக்கும் வாய்) ஓரம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

விளிம்பு வரை நிரம்பி வழியும் வகைக் குளமென்றால், வழியும் தண்ணீர் போய்ச் சேரும் தொட்டியான பேலன்சிங் டேங்குக்கு வரும் தண்ணீர் வால்வை முதலில் மூடுங்கள். அங்கே உள்ள மிதவை வால்வு குறையக் குறையத் தானாக நிரப்பிக்கொண்டே இருக்கும். கசிவு மாதக்கணக்கில் தெரியாமல் போவதற்கு இதுதான் காரணம். பம்ப் ஓடும்போது நடத்தும் சோதனையில், இந்த வகைக் குளத்தில் மட்டம் குறைவது டேங்கில்தான் தெரியும் என்பதால் அங்கேயும் கோடு போடுங்கள். இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு பேசினால் டெக்னீஷியன் உங்களிடம் பேசும் விதமே மாறிவிடும்.

3. பெயர்களை எங்கே திரட்டுவது

முதல் இடம், உங்கள் பம்ப் எந்தப் பிராண்டோ அதன் டீலர். ஆஸ்ட்ரல்பூல், ஹேவர்ட், பென்டேர், எமாக்ஸ் போன்றவை என்றால் சென்னையில் விற்பவர்களிடம் "உங்களுக்குச் சர்வீஸ் செய்பவர் யார்?" என்று கேளுங்கள். அவரிடம் ஒரிஜினல் உதிரி பாகம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது, பக்கத்துக் குடியிருப்புகளின் அசோசியேஷன். "நல்ல ஆள் யாராவது இருக்கிறாரா?" என்று கேட்டால் எல்லோரும் ஒரு நம்பர் தருவார்கள், அது போதாது. "அவர் செய்த வேலை ஏதாவது மறுபடி பழுதானதா? கூப்பிட்டபோது வந்தாரா?" என்று கேளுங்கள். பழுது திரும்ப வந்த பிறகு ஒருவர் எப்படி நடந்துகொண்டார் என்பதுதான் எனக்கு மிக முக்கியமான தகவல்.

குளத்துக் கெமிக்கல் விற்கும் கடைக்காரர்களும் மோட்டார் காயில் கட்டுபவர்களும் நல்ல சாட்சிகள். யார் சரியான அளவில் மருந்து வாங்குகிறார், யார் ஒரே மோட்டாரைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறார் என்று அவர்களுக்குத் தெரியும்.

இணையத்தில் தேடி நம்பரைப் பதிவு செய்தால் பல பேரிடமிருந்து அழைப்பு வரும், அதில் இடைத்தரகர்களும் இருப்பார்கள். அந்த வழியை வைத்துக்கொள்ளலாம், ஆனால் கடைசியாக. தேடலை ஜனவரி, பிப்ரவரியிலேயே தொடங்குங்கள். கோடை விடுமுறை வந்துவிட்டால் நல்லவர்கள் கையில் நேரம் இருக்காது.

4. போனிலேயே கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

மூன்று நான்கு பேரிடம் இதே கேள்விகளைக் கேளுங்கள். பதிலைவிட அவர் திருப்பிக் கேட்கும் கேள்வியைக் கவனியுங்கள்.

"பேக்வாஷ் எப்போது செய்யணும்?" கேஜைப் பார்த்து என்று சொல்பவர் வேலை தெரிந்தவர். வாரம் ஒருமுறை என்று மட்டும் சொல்பவர் பழக்கத்தில் செய்பவர்.

"பிஎச் 8.2 இருக்கு, தண்ணீர் மங்கலாக இருக்கு, என்ன செய்யலாம்?" முதலில் பிஎச்சைக் குறைக்க வேண்டும் என்பது சரியான பதில். பிஎச் 7.5 அளவில் குளோரினில் ஏறக்குறைய பாதி வேலை செய்யும் நிலையில் இருக்கும், 8ஐத் தாண்டினால் கால் பங்குக்கும் கீழே போய்விடும். நேராகக் "குளோரின் டபுளா போடுங்க" என்றால் உங்கள் காசு தண்ணீரோடு போகும்.

"மோட்டார் உறுமுது, ஆனா சுத்தல. என்னவா இருக்கும்?" சிங்கிள் பேஸ் மோட்டாரில் இது கபாசிட்டராகவோ, தண்ணீரைத் தள்ளும் சுழலியான இம்பெல்லரில் ஏதாவது சிக்கியதாகவோ, பேரிங் இறுகியதாகவோ இருக்கலாம். கபாசிட்டர் சில நூறு ரூபாய்தான். பார்க்காமலே புது மோட்டார் விலை சொல்பவரை அங்கேயே விட்டுவிடுங்கள்.

"நவம்பர்ல குளத்தைக் காலி பண்ணி டைல்ஸ் வேலை பார்க்கலாமா?" வடகிழக்குப் பருவமழையில், குறிப்பாக ஈ.சி.ஆர். ஓரம், நிலத்தடி நீர் மேலே வந்திருக்கும். குளத்தில் தண்ணீர் இருக்கும் வரை அதன் எடை கீழே அழுத்திக்கொண்டிருக்கும். காலி செய்தால் நிலத்தடி நீர் கீழிருந்து தள்ளும். ஃபைபர் குளம் மேலே எழும்பிவிடும், கான்கிரீட் குளம் விரிசல் விடலாம். "முதல்ல நிலத்தடி மட்டம் பார்க்கணும்" என்று தயங்குபவர்தான் உங்களுக்கு வேண்டியவர்.

5. நேரில் வரும்போது கையைப் பாருங்கள்

விசிட் சார்ஜ் கேட்டால் கொடுங்கள். இலவசமாக வருபவர் அந்தச் செலவை எங்காவது எடுத்தாக வேண்டும், பெரும்பாலும் தேவையில்லாத பாகத்தை மாற்றித்தான் எடுப்பார்.

ஃபில்டர் மேலுள்ள மல்டிபோர்ட் வால்வை அவர் திருப்பும் முன் பம்பை நிறுத்துகிறாரா என்று பாருங்கள். ஓடும்போது திருப்பினால் உள்ளே சக்கரம் போல இருக்கும் ரப்பர் கேஸ்கெட் கிழியும். பிறகு பேக்வாஷ் லைனில் தண்ணீர் சதா ஒழுகும், குளத்து மட்டம் குறையும், நீங்கள் கசிவென்று டைல்ஸை உடைப்பீர்கள். பேக்வாஷுக்குப் பிறகு ரின்ஸ் நிலையில் கொஞ்சம் ஓட விடுகிறாரா என்றும் கவனியுங்கள். விட்டால்தான் மிச்ச அழுக்கு குளத்துக்குத் திரும்பாது. குளத்தில் மணல் தொடர்ந்து வருகிறதென்றால் ஃபில்டருக்குள் அடியில் இருக்கும் லேட்டரல் குழாய் உடைந்திருக்க வாய்ப்பு உண்டு, அது வேறு வேலை.

காரணத்தைக் காட்டச் சொல்லுங்கள். ரிட்டர்னில் காற்றுக் குமிழி வந்தால் அவர் முதலில் பம்பின் வடிகட்டிக் கூடை மூடியில் உள்ள ஓ ரிங்கைப் பார்க்க வேண்டும். மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவில் தண்ணீர் சொட்டினால் மெக்கானிக்கல் சீல். பிரேக்கர் அடிக்கடி விழுந்தால் மெகர் வைத்து மோட்டாரின் இன்சுலேஷனை அளக்க வேண்டும். பிரேக்கரை மட்டும் பெரிதாக்கி மாட்டுபவரைப் பம்ப் ரூமுக்குள் விடாதீர்கள். அந்தத் தண்ணீரில் குழந்தைகள் இறங்குகிறார்கள். குளத்து மின்சுற்றுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர்) இருக்கிறதா, டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா என்று அவரையே செய்து காட்டச் சொல்லுங்கள். வயரிங்கைத் தொடும் வேலையென்றால் அரசு உரிமம் உள்ள மின் ஒப்பந்தக்காரர்தான் வர வேண்டும்.

கெமிக்கல் வைத்திருக்கும் மூலையில் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பது எனக்கு முக்கியம். ஆசிட்டும் குளோரினும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அவர் சொல்லாமலே நகர்த்த வேண்டும், இரண்டும் கலந்தால் விஷவாயு. இரண்டு வகைக் குளோரின்களான டிசிசிஏ மாத்திரையையும் கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளையும் ஒரே கரண்டியால் அள்ளினால் தீப்பிடிக்கலாம், வெடிக்கவும் கூடும். மருந்தைத்தான் தண்ணீரில் போட வேண்டும், மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. இதெல்லாம் தெரியாதவர் பம்ப் வேலையில் கெட்டிக்காரராக இருந்தாலும் வேண்டாம்.

குளத்தின் அடியில் இருக்கும் மெயின் டிரெயின் மூடி உடைந்திருந்தால் அவர் உடனே சொல்ல வேண்டும். அந்த உறிஞ்சும் வேகத்தில் முடியோ கையோ மாட்டினால் பெரியவர்களால்கூட இழுக்க முடியாது. மூடி மாற்றும் வரை பம்பை நிறுத்தி, யாரையும் இறங்க விடக் கூடாது.

6. ஜக்கூசி என்றால் எந்த வகை என்று முதலில் சொல்லுங்கள்

குளத்தோடு சேர்ந்த கான்கிரீட் ஸ்பா, குளியலறையில் பதித்த ஜெட் டப், தனியாக வாங்கி வைக்கும் அக்ரிலிக் ஸ்பா மூன்றும் மூன்று உலகம். முதலாவதைக் குளத்து டெக்னீஷியனே பார்ப்பார். இரண்டாவதற்குச் சானிட்டரி பிராண்டின் சர்வீஸ் ஆள் வேண்டும். மூன்றாவதற்கு எலக்ட்ரானிக் போர்டு தெரிந்தவர் வேண்டும்.

ஜெட் டப்பில் மோட்டாரை எட்டுவதற்குக் கழற்றும் பலகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள். கட்டும்போது அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடுவது சகஜம். வந்தவர் உடைக்கணும் என்று சொன்னால் அது ஏமாற்று இல்லை.

அக்ரிலிக் ஸ்பாவில் ஹீட்டர் நின்று ஃப்ளோ எரர் (தண்ணீர் ஓட்டம் போதவில்லை என்ற எச்சரிக்கை) காட்டினால் கார்ட்ரிட்ஜ் ஃபில்டரைக் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் ஓட்டிப் பாருங்கள். எரர் போய்விட்டால் ஃபில்டர் அடைப்புதான், கழுவினால் அல்லது மாற்றினால் சரியாகும். கடினத் தன்மை அதிகமுள்ள போர் தண்ணீரில் ஹீட்டர் காயிலில் சுண்ணாம்பு படியும் என்பதால், ஹீட்டர் மாற்றச் சொல்பவரிடம் பழைய காயிலைக் காட்டச் சொல்லுங்கள். போர்டு போயிருந்தால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த மாடலுக்கான போர்டு இந்தியாவில் கிடைக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள்.

வெந்நீரில் குளோரின் சீக்கிரம் தீரும், லெஜியோனெல்லா போன்ற கிருமி வளர ஏற்ற சூடும் அதுவே. அதனால் ஸ்பாவில் குளோரின் 3 பிபிஎம்முக்குக் குறையாமலும் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். இந்த இரண்டு எண்ணையும் கேட்காமலே சொல்லும் டெக்னீஷியன் கிடைத்தால் விடாதீர்கள்.

7. கொட்டேஷனில் இருக்க வேண்டியவை

"பம்ப் ரிப்பேர், மொத்தம் இவ்வளவு" என்று ஒரே வரியில் வரும் கொட்டேஷனை ஏற்காதீர்கள். மெட்டீரியல் தனி, லேபர் தனி. ஒவ்வொரு பாகத்துக்கும் பிராண்டும் மாடலும். ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்று தெளிவாக இருக்க வேண்டும். ஜிஎஸ்டி எண் கொடுத்தால் அரசின் ஜிஎஸ்டி இணையதளத்தில் அதைப் போட்டு, பெயரும் பதிவு நிலையும் சரியா என்று பார்க்கலாம். அசோசியேஷன் கணக்குக்கு இது உதவும். பதிவு இல்லாத தனி ஆள் என்பதாலேயே ஒருவரை ஒதுக்க வேண்டாம், சின்ன வேலைக்கு அவர்களில் அருமையானவர்கள் உண்டு.

இரண்டு வாக்கியங்களை நீங்களே எழுதிச் சேருங்கள்: கழற்றிய பழைய பாகங்களை எங்களிடம் ஒப்படைக்க வேண்டும். இதே பழுது குறிப்பிட்ட நாட்களுக்குள் திரும்ப வந்தால் லேபர் இல்லாமல் பார்க்க வேண்டும். பழைய பாகம் கைக்கு வரும் என்று தெரிந்தால் நல்ல பேரிங்கை யாரும் மாற்றமாட்டார்கள்.

அட்வான்ஸ் என்பது மெட்டீரியல் வாங்கும் அளவுக்குப் போதும். மீதியைக் குளம் சில நாள் ஓடிய பிறகு கொடுங்கள். விலை குறைவு என்பதற்காக மட்டும் ஒருவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மிகக் குறைந்த கொட்டேஷனில் என்ன விடுபட்டிருக்கிறது என்று மற்றவர்களின் கொட்டேஷன்களோடு வரிக்கு வரி ஒப்பிட்டால் பெரும்பாலும் பிடிபடும்.

8. முதலில் சின்ன வேலை கொடுங்கள்

ஃபில்டர் மணல் மாற்றுவது, புதுப் பம்ப் போடுவது போன்ற பெரிய வேலையை முதல் முறையே தராதீர்கள். கேஜ் மாற்றுவது, கசியும் யூனியனை (கழற்றி மாட்டும் பைப் இணைப்பு) சரிசெய்வது போன்ற ஒன்றைக் கொடுங்கள். சொன்ன நேரத்துக்கு வந்தாரா, வராவிட்டால் முன்கூட்டியே சொன்னாரா, வேலை முடிந்து தரையைக் கழுவிவிட்டாரா என்பதெல்லாம் அந்தச் சின்ன வேலையிலேயே தெரிந்துவிடும்.

வேலை முடிந்ததும் அவர் எதிரிலேயே பம்பைப் போட்டு, கேஜ் அளவைப் படம் எடுங்கள். மோட்டார் சத்தத்தை வீடியோவாகப் பதிவு செய்யுங்கள். மறுநாள் பம்புக்கு அடியில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். புதிய சீல் சரியாக உட்காரவில்லையென்றால் இங்கேதான் முதலில் தெரியும்.

9. ஏ.எம்.சி. போடுவதற்கு முன்

ஒருவர் வேலை பிடித்துவிட்டது என்றால் வருட ஒப்பந்தம் பேசலாம். மாதத்துக்கு எத்தனை வருகை, ஒவ்வொரு வருகையிலும் எதைப் பார்ப்பார், அவசர அழைப்புக்கு எத்தனை மணி நேரத்தில் வருவார், கெமிக்கல் யார் செலவு என்று எழுதுங்கள். கெமிக்கலை நீங்களே வாங்கிக் கொடுப்பது என் பரிந்துரை. எவ்வளவு தீர்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், சிக்கனம் பார்த்துக் குறைவாகப் போடுவதற்கும் அவருக்குக் காரணம் இருக்காது.

பேலன்சிங் டேங்க் சுத்தம் செய்வது ஒப்பந்தத்தில் இருந்தால், மூடியைத் திறந்து காற்றோட்டம் விட்ட பிறகே இறங்குவது, மேலே ஒருவர் நிற்பது என்ற இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். அதை மேற்பார்வை பார்ப்பது உங்கள் பொறுப்பும்தான்.

பம்ப் ரூமில் ஒரு நோட்டுப் புத்தகம் மாட்டி வையுங்கள். தேதி, பிஎச், குளோரின், கேஜ் அளவு, செய்த வேலை, கையெழுத்து. செயலாளர் மாறலாம், டெக்னீஷியன் மாறலாம், நோட்டு அங்கேயே இருக்கும். கேஜ் மாதக்கணக்கில் ஒரே எண்ணாக எழுதப்பட்டிருந்தால் அவர் பார்க்காமல் எழுதுகிறார் என்று அர்த்தம். ஒருமுறை கூப்பிட்டுக் கேளுங்கள், தொடர்ந்தால் இரண்டாம் படியில் சேர்த்த படங்களோடும் இந்த நோட்டோடும் அடுத்த ஆளிடம் பேசத் தொடங்கலாம்.